இலாகாவுக்குப் போன மகரந்தம்

அன்பு மகள் ஷஹ்லாவுக்கு உன் உம்மா எழுதிக்கொள்வது. உங்கள் மூவர் மீதும் இறைவனின் அமைதி நிலவட்டும். இங்கே நானும் உன் வாப்பாவும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், அந்த மட்டுக்கும் அவனுக்கே புகழ். நீயும் மருமகனும் என் கண்மணி தீமாவும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்கிறேன். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை, அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமை நீ போனில் பேரீச்சம்பழப் பெட்டி எப்போது வரும், தீமா தினமும் கேட்கிறாள் என்றாய். உடனே உன் வாப்பா தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனாரே, அப்போது அவர் கையிலேயே நிறைந்த டம்ளர் இருந்தது. இந்த வருஷம் பெட்டி வராது மகளே. அது ஏன் என்பதைப் போனில் சொல்ல முடியாது, அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். பக்கத்துத் தோப்பு ஹாஜி ஹாத்திமின் தங்கை மகன் உங்கள் ஊருக்கு வருகிறான் என்றார்கள், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள், அவரிடம் ஒன்றும் கேட்காதே.

உனக்கு வருஷா வருஷம் வந்த பெட்டி நம் தோப்புப் பழம் மட்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய் அல்லவா, அதில் பாதிகூட நம்முடையது இல்லை. ஆற்றில் உப்பு ஏறிய பிறகு இந்த வாய்க்கால் ஓரத்தில் ஆண்மரம் என்று உருப்படியாக நிற்பது நம் வீட்டுப் பின்னால் இருக்கிற ஏழும்தான். குளிர் முடிந்து பாளை வெடிக்கிற காலத்தில் எல்லோரும் ஆளுக்கொரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நம் வாசலுக்குத்தான் வருவார்கள். நாம் மகரந்தம் கொடுப்போம், அவர்கள் போய்த் தங்கள் பெண்மரங்களில் தூவிக்கொள்வார்கள். அதற்கு யாரும் விலை கேட்டதில்லை, கொடுத்ததும் இல்லை, கேட்டால் காறித் துப்புவார்கள். பதிலுக்கு ஒன்றே ஒன்று, வெயில் காலத்தில் முதலில் பழுக்கிற குலை ஆண்மரத்து வீட்டுக்கு வரவேண்டும். தட்டில் வைத்துத் துணி போட்டு மூடி அவர்களே கொண்டுவருவார்கள். உன் வாப்பா வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு பழம் எடுத்துத் தின்று, கொட்டையைப் பக்கத்தில் இருக்கிற பித்தளைத் தட்டில் துப்பி, நல்லா இருக்கு, பரக்கத் உண்டாகட்டும் என்பார். அந்தத் தட்டுகளில் மிஞ்சியதைத்தான் நான் உனக்குப் பெட்டி கட்டுவேன். நீ தின்றது ஊர்ப் பழம்.

குளிர்காலத் தொடக்கத்தில் வேளாண் இலாகாவிலிருந்து லமீஸ் என்று ஒரு பொறியாளர்ப் பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி நம் ஆண்மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இந்த மாதிரி உயர்ந்த ரகம் இப்போது எங்கும் கிடைக்கவில்லை, இலாகா இந்த வருஷம் மகரந்தப் பொடியை விலைக்கு வாங்கி ஏழை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கப் போகிறது, நீங்கள் டெண்டர் போடுங்கள் என்றாள். நல்ல பெண், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் வாப்பாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. உப்பு ஏறுகிற மாதங்களில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினால்தான் இந்த மரங்கள் இன்னும் சில வருஷம் நிற்கும். இலாகா ஒருமுறை வாங்கினால் வருஷா வருஷம் வாங்கும், மரங்களே தங்கள் தண்ணீரைச் சம்பாதித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். நான் கேட்டேன், இலவசமாகக் கொடுக்கிற பொருளை இலாகாவுக்கு விற்று, இலாகா அதையே நம் ஊர்க்காரர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப் போகிறதா, நடுவில் அது எதற்கு என்று. அதற்கு அவர், உனக்கு நிர்வாகம் புரியாது என்றார். புரியவில்லைதான், இன்றுவரைக்கும் புரியவில்லை.

இதில் ஒரு கூத்தைக் கேள். மூன்று பேராவது விலை கேட்டால்தான் டெண்டர் உறையைத் திறப்பார்களாம். ஆண்மரம் இருப்பதோ ஒரே வீட்டில், மற்ற இரண்டு பேருக்கு எங்கே போவது. கடைசியில் ஹாஜி ஹாத்திமும் உம்மு நாஸிரும் நமக்காக விலை எழுதிப் போட்டார்கள். உம்மு நாஸிரை உனக்கு நினைவிருக்கும், நம் வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிற விதவை, நீ சின்னப் பிள்ளையில் அவள் கோழிகளைத் துரத்தி அடி வாங்கினாய். இல்லாத சரக்குக்கு விலை போடுவது பொய் இல்லையா என்று உன் வாப்பாவுக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. ஹாஜி ஹாத்திம் வந்து, "பொய் எங்கடா இருக்கு, நான் போட்ட விலைய இலாகா கொடுத்தா ஈராக் முழுக்க அலைஞ்சு நானே மகரந்தம் கொண்டாந்து கொடுத்துடுவேன், அம்புட்டு விலை போட்டிருக்கேன்" என்று சிரித்தார். உம்மு நாஸிர் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் இருந்த மையை நம் கதவிலேயே துடைத்துவிட்டுப் போனாள். அந்தக் கறை இன்னும் இருக்கிறது. யோசித்துப் பார், தங்கள் மரத்துக்கு வரவேண்டியதைத் தாங்களே நின்று விற்றுக் கொடுத்தார்கள், உன் வாப்பாமேல் இருந்த பிரியத்தில்.

டெண்டர் நமக்கே விழுந்தது. ஊரே வந்து தேநீர் குடித்தது. இலாகா ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியது, இந்தப் பருவத்தில் ஏழு மரத்து மகரந்தம் முழுவதும் இலாகாவுக்கே, வேறு ஆளுக்கு விற்கவோ கொடுக்கவோ மாட்டேன் என்று. நல்லதை ஒளித்து வைத்துக்கொண்டு கழிவை இலாகா தலையில் கட்டுகிறவர்கள் இருப்பார்களாம், அதற்காக இப்படி ஒரு வரி. எல்லாக் காகிதத்திலும் இருக்கிற வரிதான், எவனும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வரி. உன் வாப்பா படித்தார். படித்ததோடு நிற்காமல் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டார். மனிதனுக்கு மனிதன் கையைப் பிடித்துக் கொடுக்கிற வாக்கு எங்கே, ரப்பர் ஸ்டாம்புக்குக் கொடுக்கிற வாக்கு எங்கே, நம் ஊர் ஆண்களுக்கு மட்டும் இந்த வித்தியாசம் தெரியாது. பாளைகளை வெட்டிக் கொண்டுவந்து உன் அறையில்தான் காயப் போட்டோம், வடக்குப் பார்த்த அறை, காற்று புகாது, குளிர்ச்சி. உன் கட்டில்மேல் விரிப்பு, தரையில் விரிப்பு, எங்கு பார்த்தாலும் மஞ்சள் மாவு. உன் பள்ளிக்கூடப் படம்கூட மஞ்சளாகிவிட்டது. சலித்து, தகர டப்பாக்களில் அடைத்து, நம் குளிர்ப்பெட்டியில் வைத்தோம். மீனும் தயிரும் வெளியே வந்தன, டப்பாக்கள் உள்ளே போயின. கரண்டு போகிற நேரமெல்லாம் உன் வாப்பா குளிர்ப்பெட்டிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார், யாராவது மறந்து திறந்துவிடுவார்களாம். வீட்டில் இருக்கிற யாராவது நான் ஒருத்திதான்.

அப்புறம் நோன்பு மாதம் வந்தது. சரக்கை ஒப்புக்கொள்ள மூன்று பேர் கொண்ட குழு வரவேண்டும். முதல் வாரம் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. அடுத்த வாரம் ஒருவர் மக்காவுக்கு உம்ரா செய்யப் போய்விட்டார். இரண்டு பேர் வந்து பார்க்கக் கூடாதா என்றால், குழு என்றால் மூன்றாம். நோன்பு நேரத்தில் அலுவலகம் மதியத்துக்கு முன்னாலேயே பாதி காலி. உன் வாப்பா தினமும் வேன் பிடித்துப் போய்த் தலைவாசலில் நின்றுவிட்டு நோன்பு திறக்கிற நேரத்துக்கு வருவார், முகம் சுண்டிப்போய் இருக்கும், கேட்டால் நாளைக்கு என்பார். இப்படியே போனால் வீட்டில் கெட்டுவிடும் என்று லமீஸ் ஒரு யோசனை சொன்னாள், டப்பாக்களை இலாகாக் கிடங்கில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், குழு வந்ததும் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள் என்று. நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். இவர் ஈரச் சாக்கு சுற்றிக் குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிடங்குக்காரர் அரக்கு வைத்து முத்திரை போட்டு, தகரக் கூரை போட்ட அறையில் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினார். அங்கே குளிர்ப்பெட்டி இல்லையா என்று உன் வாப்பா கேட்டதற்கு, இருக்கிறது, ஆனால் அது மருந்துப் பிரிவுக்கு ஒதுக்கினது, இந்தச் சரக்கை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று குழுதான் முடிவு செய்யணும் என்றாராம்.

மகளே, பாளைக்குக் குழு தெரியுமா. வெயில் கொஞ்சம் ஏறியதும் நம் வாய்க்கால் முழுக்கப் பெண்மரங்கள் பாளை வெடித்து நின்றன. வெடித்த பிறகு ஒரு வாரம், ரொம்பப் போனால் அதற்கு மேல் இரண்டொரு நாள், அவ்வளவுதான் பூ காத்திருக்கும். முதலில் எல்லோரும் தைரியமாகத்தான் இருந்தார்கள். இலாகா இலவசமாகக் கொடுக்கும், அதுவும் நம் அபூ ஷஹ்லா வீட்டு மகரந்தம்தானே, முத்திரையோடு வரட்டும் என்று கேலி பேசிக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு முத்திரையும் வரவில்லை, மாவும் வரவில்லை. சிலர் பஸ்ரா சந்தைக்கு ஓடினார்கள். அங்கே பருவம் முடிகிற நேரம், கிடைத்தது உயிர்போன பழைய மாவு, அதிலும் பாதி கோதுமை மாவு. நம் தோப்புப் பெண்மரங்களுக்காவது தூவ வைத்திருந்தீர்களா என்று உன் வாப்பாவைக் கேட்டேன். சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாமா என்று இலாகாவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாராம், பதில் வரவில்லையாம். இதற்குப் பெயர் நேர்மையா கிறுக்கா என்று நான் கேட்டேன். இரண்டுக்கும் நடுவில் வேலி இருந்தால் நீயே பார்த்துச் சொல் என்றுவிட்டுத் தொழப் போய்விட்டார்.

உம்மு நாஸிர் கிண்ணத்தோடு வந்தது ஒரு சாயங்காலம், நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கிண்ணத்துக்குள் வழக்கம்போல நாலு முட்டை வைத்திருந்தாள். "அண்ணே, என் சுவரோரத்து பர்ஹிப் பேரீச்ச மரம் பாளை வெடிச்சு அஞ்சு நாளாச்சு. ஒரு பிடி கொடுங்க, போதும்" என்றாள். உன் வாப்பா நிமிரவே இல்லை. "தங்கச்சி, அது இப்ப என்னோடது இல்ல. இலாகாவோடது" என்றார். அவள், "இலாகா எனக்குத்தானே கொடுக்கப் போகுது. எதுக்கு இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும்" என்றாள். அப்புறம், "வாக்கு கொடுத்துட்டீங்க, சரி. நான்தான் அதுக்குக் கைநாட்டு வச்சேன்" என்று சொல்லி, முட்டையை மட்டும் எடுத்து நம் வாசற்படியில் வைத்துவிட்டு வெறும் கிண்ணத்தோடு போனாள். நம் வாசலில் இருந்து ஒரு கிண்ணம் வெறுமையாகத் திரும்பியது உனக்குத் தெரிந்து இருக்கிறதா, எனக்குத் தெரிந்து இல்லை. அவர் தொழப் போன பிறகு நான் உன் அறைக்குப் போனேன். உன் கட்டில் விரிப்பைத் தண்ணீர்ப் பஞ்சத்தில் துவைக்காமல் அப்படியே மடித்து அலமாரி மேல் வைத்திருந்தேன். அதைக் கீழே எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தாம்பாளத்தில் மெல்ல உதறினேன். அரைப்பிடி தேறியது. தாளில் மடித்து வேலி இடுக்கு வழியாக அவளிடம் கொடுத்தேன்.

பெருநாள் முடிந்து, அந்த விடுமுறையும் முடிந்து, காற்று சூடாகிவிட்ட பிறகு குழு மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள். அரக்கை உடைத்து, ஒவ்வொரு டப்பாவையும் நிறுத்து, எடை மிகச் சரி என்று எழுதினார்கள். உன் வாப்பா அன்று வந்து அதைத்தான் முதலில் சொன்னார், எடை சரியாக இருந்தது என்று. மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. உயிர் இல்லை, ஒன்றுகூட முளைக்கவில்லை, சரக்கு தரத்தில் இல்லாததால் ஏற்க முடியாது, வந்து எடுத்துப் போகவும் என்று. அந்தத் தகவலை லமீஸ் ஆள் மூலம் அனுப்பாமல் தானே கொண்டுவந்தாள். நம் சமையலறையில் உட்கார்ந்தாள், எலுமிச்சைத் தேநீர் போட்டு வைத்தேன், தொடவில்லை. "அம்மா, ரசீது போட்ட அன்னைக்கு அது நல்லாத்தான் இருந்தது. நான் மோந்து பாத்தேன், புது மாவு வாசம். அதை எங்க எழுதறதுன்னு காகிதத்துல இடம் இல்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. உன் வாப்பா அவளுக்கு ஆறுதல் சொன்னார், தெரியுமா. நீ என்னம்மா செய்வாய், உன் வேலையை நீ செய்தாய் என்று. எனக்குத்தான் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இலாகா மறுபடி நிறுத்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இவர்கள் அளந்து கொடுத்ததை இவர் அப்படியே வாய்க்காலில் போட்டார். வீட்டுக்குள்கூடக் கொண்டுவரவில்லை, வேனிலிருந்து இறங்கிப் படித்துறைக்கு நேராகப் போய் ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினார். அப்போது ஏற்றம், ஆற்றுத் தண்ணீர் உள்ளே ஏறி வருகிற நேரம். மஞ்சள் மாவு தண்ணீர்மேல் ஏடு மாதிரிப் படர்ந்து, ஹாஜி ஹாத்திம் தோப்பு, உம்மு நாஸிர் வேலி, அதற்கப்பால் இருக்கிற தோப்பு என்று ஒவ்வொரு மரத்தடியாகப் போனது. ஆட்கள் வந்து கரையில் நின்று பார்த்தார்கள். வற்றம் வந்து தண்ணீர் இறங்கியதும் அதே வழியாக எல்லோரையும் மறுபடி கடந்து நம் படித்துறைக்கே திரும்பி வந்தது. அன்றிலிருந்து உன் வாப்பா தோப்புக்குள் கால் வைக்கவில்லை. காய்க்குத் தண்ணீர் விடணுமே என்றால், எந்தக் காய்க்கு என்கிறார்.

மரத்தில் காய் இல்லாமல் இல்லை, அதுதான் கொடுமை. மகரந்தம் படாத பூவும் காய்க்கத்தானே செய்கிறது, மும்மூன்றாக ஒட்டிக்கொண்டு, பச்சையாக, கொட்டை விழாத பொக்குக்காய். கீழே நின்று பார்த்தால் குலை நிறைந்து தொங்குகிற மாதிரி இருக்கும். ஆட்டுக்குப் போட்டால் ஆடு முகர்ந்துவிட்டு உன் முகத்தைப் பார்க்கும். மரமேறிகள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், வேறு வாய்க்காலுக்குப் போய்விட்டார்கள். ஹாஜி ஹாத்திம் தாங்கும்வரை தாங்கினார். மனை போட்டு விற்கிறவன் அவர் வாசலுக்கு நாலைந்து வருஷமாக வந்துகொண்டிருந்தான். பழம் பழுக்கிற மரத்தை வெட்டுவது பாவம் என்று சொல்லி அனுப்பிவிடுவார். இந்த வருஷம் அப்படிச் சொல்ல மரத்தில் பழம் இல்லை, விற்றுவிட்டார். இப்போது அவர் தோப்புக்குள் மரத்துக்கு மரம் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறது, எங்கே தெரு, எங்கே வீடு என்று. அவர் அதை நம்மிடம் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் வாப்பா இரண்டு வாய் சோறு கூடத் தின்றிருப்பார்.

முதல் குலை பழுக்கிற நாள் வந்தது. இந்த வருஷம் யார் வரப்போகிறார்கள் என்று நான் வாசலைப் பெருக்கக்கூட இல்லை. வந்தார்கள் மகளே, எல்லோரும் வந்தார்கள். தட்டு, மேலே துணி, குளித்து வெள்ளை உடை. ஹாஜி ஹாத்திம்தான் முதலில் தட்டை வைத்துத் துணியை எடுத்தார். பொக்குக்காய். சுருங்கி, வெளிறி, தண்ணீர் கோத்துக்கொண்டு. "மரம் என்ன கொடுக்குதோ அதை ஆண்மரத்து வீட்டுக்குக் கொண்டாறது வழக்கம், அபூ ஷஹ்லா. இந்த வருஷம் இதைத்தான் கொடுத்துச்சு" என்றார். அவர் குரலில் குத்தல் இருந்ததா மரியாதை இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன், பிடிபடவில்லை. உன் வாப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பித்தளைத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், பழக்கம். ஒவ்வொரு தட்டிலும் ஒன்று எடுத்தார், மென்றார், விழுங்கினார், பரக்கத் உண்டாகட்டும் என்றார். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை, அவருக்குப் பொய் வராது. கடைசித் தட்டுவரைக்கும் பித்தளைத் தட்டில் ஒரு கொட்டை விழவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அந்தத் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்.

கடைசியாக உம்மு நாஸிர் வந்தாள். தட்டு இல்லை, அதே கிண்ணம். துணியை எடுத்தால் மஞ்சள் மஞ்சளாகப் பர்ஹி, தேன் கசிகிறது. இவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கொட்டை பல்லில் பட்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். உள்ளங்கையில் துப்பி எடுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எங்கிருந்து கிடைத்தது என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நானே சொல்லிவிட்டேன், ஷஹ்லாவின் கட்டில் விரிப்பை உதறினேன், அரைப்பிடி வந்தது என்று. திட்டுவார் என்று நினைத்தேன். இல்லை, சிரித்துவிடுவார், இந்தப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்றுகூட எனக்கு ஒரு நப்பாசை. அவர் அந்தக் கொட்டையைப் பித்தளைத் தட்டில் மெதுவாக வைத்தார். "அப்போ இலாகாவுக்கு நான் அளவு குறைச்சுத்தான் கொடுத்திருக்கேன்" என்றார். ஹாஜி ஹாத்திம் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர்பின் ஒருவராகத் தட்டுகளை வைத்துவிட்டு எழுந்து போனார்கள், தேநீர் குடிக்க யாரும் இருக்கவில்லை. மறுநாள் காலையில் உன் வாப்பா உடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேன் ஏறி இலாகாவுக்குப் போனார், விரிப்பில் அரைப்பிடி இருந்ததைச் சொல்லிவிட்டு வர. அந்தக் கோப்பை மூடியாகிவிட்டது, போய் வாருங்கள் என்றார்களாம். லமீஸை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம்.

இவ்வளவுதான் செய்தி. நம்பிக்கையாக நாலு வார்த்தை எழுதி முடிக்கலாம் என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தேன், வரவில்லை. ஆண்மரங்களுக்கு ஒன்றும் தெரியாது, குளிர் முடிந்தால் அவை மறுபடி பாளை விடும். கிண்ணத்தோடு யாரும் வரமாட்டார்கள். ஹாஜிக்கு இனித் தோப்பு இல்லை, மற்றவர்கள் பக்கத்து வாய்க்காலில் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள். உம்மு நாஸிர் மட்டும் ஒருவேளை வரலாம், அவளுக்கும் வயதாகிறது. நீ அங்கே வெறுங்காலோடு தரையில் நடக்காதே, தீமாவுக்குக் காது மூடுகிற தொப்பி போடு, வெயிலே இல்லாத ஊரில் மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்தைத் தவறவிடாதே. மருமகனிடம் இரவு வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல், சம்பாத்தியம் எங்கும் ஓடிவிடாது, ஓடினாலும் துரத்திப் பிடிக்க உடம்பு வேண்டும். எங்களுக்காக விமானச் சீட்டு அது இது என்று கடன் வாங்காதே.

உன்னையும் உன் குடும்பத்தையும் அல்லாஹ் தன் காவலில் வைப்பானாக. உன் கையில் எடுப்பது குறையாமலும் உன் வாசலில் வருபவர் வெறுங்கையோடு போகாமலும் அவன் பார்த்துக்கொள்வானாக. இந்தக் கடிதத்தோடு துணியில் முடிந்த சின்னப் பொட்டலம் ஒன்று இருக்கும், உம்மு நாஸிர் கிண்ணத்தில் மிஞ்சியது, பிள்ளையிடம் கொடு. கொட்டையை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள். பழம் வந்தது என்று போனில் மட்டும் சொல்லிவிடாதே, அவர் அதையும் இலாகாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

உன் நினைவாகவே இருக்கும்
உம்மா
(உம்மு ஷஹ்லா)